எச்எம்ஐ பேனலில் பட்டியல் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎல்சி (மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி), எச்எம்ஐ (ஆபரேட்டர் மெஷினோடு பேசும் திரைப் பேனல்) வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பட்டியல் தேர்வைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு முழுக்க ஒரே மெஷினை எடுத்துக்கொள்வோம்: பருத்திப் பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின். முகப்பில் 7 அங்குல டச் பேனல். அதில் ஒரு பட்டியல்: பிளீச்சிங் (வெளுப்பது), டையிங் (சாயம் ஏற்றுவது), சோப்பிங் (ஒட்டாத சாயத்தைக் கழுவுவது), சாஃப்ட்னர் (துணியை மென்மையாக்குவது). ஆபரேட்டர் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார், அந்தப் புரோகிராம் ஓட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலுக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான், கட்டமைப்பு கொஞ்சம் மாறும். சீமென்ஸ் டிஐஏ போர்ட்டலில் 'சிம்பாலிக் ஐ/ஓ ஃபீல்ட்' என்பார்கள். அதில் காட்டும் சொற்கள் தனியாக 'டெக்ஸ்ட் லிஸ்ட்' என்ற இடத்தில் இருக்கும். ஒரே டெக்ஸ்ட் லிஸ்டைப் பல திரைகளில் பயன்படுத்தலாம். வெய்ன்டெக்கின் ஈசிபில்டர் ப்ரோவில் 'ஆப்ஷன் லிஸ்ட்'. திறந்தே இருக்கும் பெட்டியாகவும் வைக்கலாம், தொட்டால் கீழே விரியும் வகையாகவும் வைக்கலாம். ராக்வெல் பேனல்வியூ பிளஸுக்கான ஃபேக்டரிடாக் வியூ மெஷின் எடிஷனில் 'கண்ட்ரோல் லிஸ்ட் செலக்டர்'. அதற்கு அண்ணன்போல 'பைலட்டட் கண்ட்ரோல் லிஸ்ட் செலக்டர்' என்று இன்னொன்று உண்டு. அதில் எந்தெந்த வரி தெரிய வேண்டும் என்பதை பிஎல்சியே தீர்மானிக்கலாம்.

ராக்வெல் செலக்டரில் மேலே, கீழே, என்டர் என்ற பட்டன்களைப் பக்கத்திலேயே வைத்து நகர்த்துவது பழைய வழக்கம். கீபேட் மட்டும் இருந்த பேனல் காலத்து மரபு அது. கையுறை போட்ட ஆபரேட்டருக்கு இன்றும் அதுதான் வசதி என்பேன்.

ஆபரேட்டர் 'டையிங்' என்று தொட்டால் பிஎல்சிக்கு என்ன போகிறது?

ஒரு எண். அவ்வளவுதான். 'டையிங்' என்ற சொல் பேனலை விட்டு வெளியே போவதே இல்லை. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மதிப்பு இருக்கும்; அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த மதிப்பு, நீங்கள் இணைத்திருக்கும் ரிஜிஸ்டரில் (பிஎல்சி மெமரியில் எண்ணை வைக்கும் இடம்) அல்லது டேக்கில் (அப்படி ஒரு இடத்துக்கு வைத்த பெயர்) எழுதப்படும். பிஎல்சி அந்த எண்ணை வைத்து எந்தப் புரோகிராமுக்குத் தாவுவது என்று முடிவு செய்யும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ரிஜிஸ்டரில் என்ன எண் இருக்கிறதோ, அதற்குப் பொருந்தும் வரியைப் பேனல் எடுத்துக் காட்டும். ஆக ஒரே எண்ணுக்கு இரண்டு அகராதிகள் இருக்கின்றன: ஒன்று பேனலில், ஒன்று பிஎல்சியில். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க மெஷினுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பட்டியல் தேர்வில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன.

வரிசை எண்ணையே மதிப்பாக வைத்தால் என்ன? மென்பொருள் தானாகவே அப்படித்தானே போடுகிறது?

ஆமாம், ஈசிபில்டர் போன்றவை முதல் வரிக்கு 0, அடுத்ததற்கு 1 என்று தாமாகவே போட்டுக்கொண்டு போகும். முதல் நாள் எல்லாம் சரியாக ஓடும். பிரச்சினை, ஆறு மாதம் கழித்து ஒரு வரி சேர்க்கும்போதுதான்.

நானே செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு சாயப்பட்டறையில் பட்டியல் 1 பிளீச்சிங், 2 டையிங், 3 சோப்பிங், 4 சாஃப்ட்னர் என்று இருந்தது. பயோபாலிஷ் (துணி மேல் உள்ள பிசிறை என்சைமால் நீக்குவது) புரோகிராம் புதிதாக வேண்டும் என்றார்கள். பிஎல்சியில் அதை 5 என்று கடைசியில் சேர்த்தேன். பேனலில் மட்டும், செய்முறைப்படி பார்த்தால் பிளீச்சிங்குக்கு அடுத்துதானே பயோபாலிஷ் வரும் என்று நடுவில் செருகி, எண்களையும் 1 முதல் 5 வரை அழகாகத் திருத்திவிட்டேன். டவுன்லோட் செய்தேன், பயோபாலிஷ் என்ற சொல் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரிந்தது, கிளம்பிவிட்டேன்.

இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் 'டையிங்' தேர்ந்தெடுத்தார். பேனலில் அது இப்போது 3. பிஎல்சியில் 3 என்றால் சோப்பிங். ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரியில் நிற்க வேண்டிய தண்ணீர் 70-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவர்தான் நிறுத்தினார். சாய டேங்க் இன்னும் திறந்திருக்கவில்லை, அதனால் துணி பிழைத்தது. தண்ணீரும் நீராவியும் ஒன்றரை மணி நேரமும் போயின. திரையில் கடைசி வரை 'டையிங்' என்றே எழுதியிருந்தது என்பதுதான் இதில் கொடுமை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கம்: மதிப்புகளை 10, 20, 30, 40 என்று இடைவெளி விட்டுக் கொடுப்பேன். நடுவில் ஒன்று வந்தால் 15. வரி எங்கே இடம் மாறினாலும் எண் மாறாது. ஒரு புரோகிராமைத் தூக்கிவிட்டால் அதன் எண்ணை வேறு எதற்கும் மறுபடி கொடுக்க மாட்டேன், பழைய வண்டியின் நம்பர் பிளேட்டைப் புது வண்டிக்கு மாட்டாததுபோல. இந்த எண் பட்டியல் அச்சடித்த ஒரு தாளாக பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கும்.

0 என்ற மதிப்பை ஒரு தேர்வுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பிஎல்சி மெமரியைத் துடைத்தாலும், புதிய சிபியு மாட்டினாலும், ரிடென்டிவ் அல்லாத (மின்சாரம் போனால் எண்ணை மறந்துவிடும்) ரிஜிஸ்டர் மின்சாரம் போய் வந்தாலும் அதில் இருக்கப்போவது 0. பிளீச்சிங்குக்கு 0 கொடுத்திருந்தால், யாரும் எதையும் தேர்ந்தெடுக்காத மெஷின் பிளீச்சிங்குக்குத் தயாராக நிற்பதாகக் காட்டும். 0-க்கு 'தேர்வு செய்யவில்லை' என்று ஒரு வரி போடுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யாதபடி பிஎல்சியில் இன்டர்லாக் வையுங்கள்.

தேர்ந்தெடுத்தவுடன் பட்டியல் பழைய வரிக்கே குதித்துத் திரும்பிவிடுகிறது. டச் கெட்டுவிட்டதா?

ஆபரேட்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்: "சார், டச் சரியில்லை." பெரும்பாலும் டச் நன்றாகவே இருக்கும். இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, பேனல் எழுதும் அதே ரிஜிஸ்டரில் பிஎல்சியும் ஒவ்வொரு ஸ்கேனிலும் (தன் புரோகிராமை ஒரு முறை முழுக்க ஓட்டும் சுற்று) எதையோ எழுதிக்கொண்டிருக்கும். லேடரில் (பிஎல்சி புரோகிராமில்) எங்கோ ஒரு மூவ் கட்டளை, அதாவது எண்ணை நகலெடுக்கும் கட்டளை, நிபந்தனை இல்லாமல் ஓடும். பேனல் 30 எழுதும், அடுத்த ஸ்கேனிலேயே பிஎல்சி 20 என்று அழித்து எழுதும், பேனல் திரும்பிப் படிக்கும்போது 20 தான் இருக்கும். கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டு அந்த ரிஜிஸ்டர் எங்கெல்லாம் எழுதப்படுகிறது என்று தேடினால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

இரண்டாவது, படிக்கும் வேகம். டிஐஏ போர்ட்டலில் எச்எம்ஐ டேக்கின் அக்விசிஷன் சைக்கிள் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை படிப்பது என்பது) தானாக 1 நொடி என்று இருக்கும். தொட்ட பிறகு ஒரு கணம் பழையது தெரிந்து, அப்புறம் புதியது வரலாம். அந்த டேக்குக்கு மட்டும் நேரத்தைக் குறைத்தால் போதும். எல்லா டேக்குக்கும் 100 மில்லிநொடி கொடுத்துவிட்டு, பேனல் மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எழுதுவதற்கும் காட்டுவதற்கும் ஒரே டேக் போதாதா, இரண்டு வேண்டுமா?

வெளிச்சத்தின் நிறம், திரையின் மொழி போன்ற தேர்வுகளுக்கு ஒன்றே போதும். மெஷின் அசைவை மாற்றும் எந்தத் தேர்வுக்கும் இரண்டு வையுங்கள். ஒன்று கோரிக்கை: ஆபரேட்டர் என்ன கேட்கிறார் என்பது. இன்னொன்று நடப்பு: பிஎல்சி எதை ஏற்றுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பது. பேனல் முதலாவதில் மட்டும் எழுத வேண்டும், இரண்டாவதைப் படிக்க மட்டும் வேண்டும்.

பிஎல்சியில் நடப்பது இப்படி. கோரிக்கை ரிஜிஸ்டருக்கு 30 வருகிறது. ஆபரேட்டர் உறுதி செய்ததும் என்டர் பிட் எழுகிறது, அதாவது 0-விலிருந்து 1 ஆகிறது. பிஎல்சி மூன்று விஷயம் பார்க்கிறது: மெஷின் நின்றிருக்கிறதா, 30 என்ற எண்ணுக்கு உண்மையிலேயே புரோகிராம் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் சூடாக இல்லையே. எல்லாம் சரி என்றால் 30-ஐ நடப்பு ரிஜிஸ்டருக்கு நகலெடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு பிட்டைத் திருப்பி அனுப்புகிறது. இல்லையென்றால் கோரிக்கையைப் பழைய எண்ணுக்கே மாற்றி, ஏன் மறுத்தது என்று ஒரு செய்தி எண்ணைக் கொடுக்கிறது. கோரிக்கை ரிஜிஸ்டரில் பிஎல்சி கை வைக்கும் ஒரே தருணம் இதுதான், அதுவும் ஒரே ஒரு ஸ்கேன்.

ராக்வெல் செலக்டரில் இந்த ஏற்பாட்டுக்கு என்டர் டேக், என்டர் ஹேண்ட்ஷேக் டேக் என்று தயாராகவே இடம் வைத்திருக்கிறார்கள். மற்ற பேனல்களில் பக்கத்தில் ஒரு 'உறுதி செய்' பட்டன் போட்டு நாமே செய்துகொள்ள வேண்டும், பெரிய வேலை இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடப்பு ரிஜிஸ்டரைக் காட்டவும் அதே டெக்ஸ்ட் லிஸ்டைப் பயன்படுத்தினால், மேலே சொன்ன என் பயோபாலிஷ் தவறு அப்போதும் வெளியே தெரியாது. பிஎல்சி 3 என்று திருப்பி அனுப்பும், பேனல் தன் அகராதியைப் பார்த்து 'டையிங்' என்றே சொல்லும். பொய் சொன்னவனையே சாட்சிக்குக் கூப்பிட்டதுபோல. அதனால் நடப்புப் புரோகிராமின் பெயரையோ, குறைந்தபட்சம் அதன் இலக்கு வெப்பநிலையையோ பிஎல்சியிலிருந்தே வரவழைத்து அருகில் காட்டுங்கள். 'டையிங், 95 டிகிரி' என்று கண்டால் டையிங் மாஸ்டர் அந்த இடத்திலேயே சந்தேகப்படுவார்.

தொட்டவுடன் எழுதுவது நல்லதா, என்டர் அழுத்திய பிறகா?

தவறாகத் தொட்டால் என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். நஷ்டம் இல்லையென்றால் தொட்டவுடன். துணி, சாயம், நேரம் எதுவும் போகும் என்றால் என்டர். நீளப் பட்டியலில் விரலால் இழுத்து நகர்த்தும்போது நடுவில் ஏதோ ஒரு வரி தேர்வாகிவிடுவதும் உண்டு. வெய்ன்டெக்கில் விரலை எடுத்த பிறகு எழுதும்படி அமைக்க வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பட்டியல் சில சமயம் காலியாகத் தெரிகிறது. ஏன்?

ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணுக்கு பேனலின் அகராதியில் வரி இல்லை என்று அர்த்தம். காலியாக விடுவது மோசமான பழக்கம், ஏனென்றால் தொடர்பு அறுந்தாலும் சில திரைகளில் அதேபோலத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய முடியாது. டிஐஏ போர்ட்டலின் டெக்ஸ்ட் லிஸ்டில் ஒரு வரியை டிஃபால்ட் என்று குறிக்கலாம். அதில் 'தெரியாத எண், மெயின்டெனன்ஸை அழைக்கவும்' என்று எழுதுங்கள். வெய்ன்டெக்கின் விரியும் வகையில் கடைசியாக 'எரர் ஸ்டேட்' என்று ஒரு வரி தனியாக இருக்கும்; பொருந்தாத எண் வந்தால் அதில் உள்ள சொல் தெரியும். திறந்த பெட்டி வகையில் எந்த வரியும் ஒளிராமல் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு பிட்டை எழுப்பி அலாரம் தரவும் வழி இருக்கிறது. பக்கத்திலேயே அந்த எண்ணைச் சின்ன எழுத்தில் காட்டிவிட்டால், போனில் கூப்பிடும் ஆபரேட்டரிடம் "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டே பாதிப் பிரச்சினையை முடித்துவிடலாம்.

3 என்று எண் கொடுத்த வரியைத் தேர்ந்தெடுத்தால் பிஎல்சியில் 8 என்று வருகிறது!

டெக்ஸ்ட் லிஸ்டை மதிப்பு வகைக்குப் பதில் பிட் எண் வகையில் உருவாக்கியிருக்கிறீர்கள். பிட் 3 எழுந்தால் எண்ணாகப் படிக்கும்போது 8. வகையை மாற்றுங்கள், முடிந்தது.

மாட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் ஒரு தொடர்பு முறை) வழியாக இணைத்தேன். தேர்வு பக்கத்து ரிஜிஸ்டருக்குப் போகிறது.

மாட்பஸில் 40001 என்று எழுதும் ரிஜிஸ்டர், கம்பியில் போகும்போது 0 என்ற முகவரியாகப் போகும். சில கருவிகளின் கையேடு 1-லிருந்து எண்ணும், சில 0-விலிருந்து. ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சோதிக்கும்போது 1, 2 போன்ற சின்ன எண்களை அனுப்பாமல் 1234 போல ஒன்றை அனுப்பினால் எங்கே போய் விழுந்தது என்று உடனே தெரியும். அதற்கு முன் மெஷினின் பவர் சர்க்யூட்டை அணைத்துவிடுங்கள். பக்கத்து ரிஜிஸ்டர் பம்ப் வேகமாக இருக்கலாம்.

புரோகிராம் பெயர்களை ஆபரேட்டரே மாற்ற வேண்டுமாம். பட்டியலின் சொற்களை பிஎல்சியிலிருந்து கொண்டுவர முடியுமா?

முடியும், எல்லாப் பேனலிலும் அல்ல. வெய்ன்டெக் ஆப்ஷன் லிஸ்டில், சொற்களை முன்கூட்டியே தட்டச்சு செய்வதற்குப் பதில், 'ஐட்டம் அட்ரஸ்' என்ற முறையில் ரிஜிஸ்டர்களிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரு கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் 1 எழுதினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். டிஐஏ போர்ட்டலில் டெக்ஸ்ட் லிஸ்டுக்குள்ளேயே ஒரு டேக்கைச் செருகிக் காட்டலாம்.

ஆனால் முதலில் கணக்குப் போடுங்கள். ஆங்கில எழுத்து என்றால் ஒரு 16 பிட் ரிஜிஸ்டரில் 2 எழுத்து. பெயருக்கு 20 எழுத்து, 12 பெயர்கள் என்றால் 120 ரிஜிஸ்டர். மாட்பஸில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 125 ரிஜிஸ்டர்தான் படிக்க முடியும், ஆகவே தப்பித்தோம். 13-வது பெயர் சேர்ந்தால் 130 ஆகிவிடும், இரண்டு முறை கேட்க வேண்டும். யூனிகோட் என்றால் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு ரிஜிஸ்டர். 12 பெயருக்கே 240. ஆர்எஸ் 485 கம்பியில் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 120 ரிஜிஸ்டர் வர ஏறக்குறைய 0.3 நொடி பிடிக்கும். ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை. திரை திறந்திருக்கும் வரை தொடர்ந்து படிக்கச் சொன்னால், அதே கம்பியில் வரும் வெப்பநிலை தடுமாறித் தடுமாறி வரும். திரை திறக்கும்போது ஒரு முறை படித்தால் போதும்.

பெயர்கள் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறித் தெரிந்தால் (முதலும் இரண்டும் மாறி, மூன்றும் நான்கும் மாறி) பைட் வரிசை பிரச்சினை. பேனல் பக்கத்திலோ பிஎல்சி பக்கத்திலோ, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்வாப் போடுங்கள். எஸ்7-1200, 1500-ஐ (சீமென்ஸ் பிஎல்சிகள்) வேறு நிறுவனப் பேனலோடு நேரடி மெமரி முகவரி வைத்து இணைக்கும்போது, பெயர்கள் இருக்கும் டேட்டா பிளாக்கில் 'ஆப்டிமைஸ்டு' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் டேட்டாவுக்கு நிலையான முகவரியே கிடையாது.

என் தனிப்பட்ட கருத்து: பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ரெசிபி. அதாவது பெயரோடு வெப்பநிலை, நேரம், தண்ணீர் அளவு எல்லாம் சேர்ந்த தொகுப்பு. அதைப் பேனலின் ரெசிபி வசதியில் செய்யுங்கள். பட்டியலை அதற்காக வளைக்காதீர்கள்.

ஒரு திரையில் எத்தனை வரி வைக்கலாம்?

800-க்கு 480 பிக்ஸல் உள்ள 7 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர். ஈரக் கையோடோ ரப்பர் கையுறையோடோ தொடும் ஆபரேட்டருக்கு வரி உயரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் அனுபவம். அது சுமார் 84 பிக்ஸல். தலைப்புக்கும் கீழ் பட்டன்களுக்கும் இடம் விட்டால் நான்கு வரி மிஞ்சும். 4.3 அங்குலத் திரையில் இரண்டே வரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் நகர்த்தும் பட்டன்கள், அல்லது தொட்டால் முழுத் திரையாக விரியும் பாப் அப்.

கணினியில் வடிவமைக்கும்போது எல்லாம் பெரிதாகத் தெரியும், மவுஸ் முனையோ ஊசி. வரைந்ததை உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்துக் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்.

பட்டியலைத் தமிழில் போட முடியுமா?

திருப்பூர் பக்கம் இரவு ஷிஃப்ட்டில் நிற்கிறவருக்குத் தமிழ் தெரியும் என்றால், தமிழில் போடுவதுதான் நியாயம். இந்தியோ ஒடியாவோ பேசுகிறவர்கள் நிறைய இருந்தால் மொழி மாற்றும் பட்டனும் வையுங்கள். மதிப்பு எண் மொழியோடு மாறாது என்பதால் பிஎல்சிக்கு இதில் வேலையே இல்லை. எண்ணை மட்டும் அனுப்புவதன் பெரிய லாபம் இங்கேதான் தெரியும்.

தொல்லை எழுத்துருவில் இருக்கிறது. தமிழில் 'கெ' என்று எழுதும்போது யூனிகோட் வரிசையில் க முதலிலும் ஒற்றைக்கொம்பு பிறகும் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். விண்டோஸ் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. பேனலுக்குள் இருக்கும் சின்ன மென்பொருள் எல்லாவற்றுக்கும் அந்தத் திறமை கிடையாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். கணினி சிமுலேஷனில் அழகாகத் தெரிந்து, பேனலில் ஏற்றியதும் சிதறுவது இதனால்தான்.

வாங்கும் முன்பே சோதிக்க நான் வைத்திருக்கும் சொற்கள்: வெப்பநிலை, சோப்பு, கொள்ளளவு, தேர்வு. இந்த நான்கும் சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் மற்றவையும் தெரியும்.

சரியாகத் தெரியாவிட்டால் படமாக்கிவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் கணினியில் தட்டச்சு செய்து, ஒரே அளவுப் படமாகச் சேமித்து, சீமென்ஸில் கிராஃபிக் லிஸ்டாக வைக்கலாம். மற்றவற்றில் நிலை மாறும்போது படம் மாறும் பட்டன்களாக வைக்கலாம். திருத்துவது எரிச்சலான வேலை. ஒரு எழுத்துப் பிழை என்றாலும் படத்தை மறுபடி செய்ய வேண்டும். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வரிதானே.

மொழிபெயர்ப்பில் ரொம்ப இலக்கியம் வேண்டாம். 'வெளுத்தல்' என்று போட்டபோது ஆபரேட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'பிளீச்சிங்' என்று தமிழ் எழுத்தில் போட்டபிறகுதான் வேலை ஓடியது.

ஆட்டோ, மேனுவல் மாற்றத்தையும் இதே பட்டியலில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கவனம். மெஷின்களின் மின்சாரப் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பயன்முறையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே மெஷினை ஓடவைக்கக் கூடாது, அதற்குத் தனியாக ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அதாவது பட்டியலில் ஆட்டோ என்று தொட்டவுடன் துணியை இழுக்கும் ரீல் சுற்ற ஆரம்பித்தால் அது தவறான வடிவமைப்பு.

கதவைத் திறந்து வைத்து ஓட்டும் செட்டிங் முறை, பாதுகாப்பு வளையத்தைத் தளர்த்தும் முறை எல்லாவற்றையும் டச் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அவற்றுக்குச் சாவி போட்ட செலக்டர் ஸ்விட்ச். எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரையில் வரைந்து வைத்திருந்த ஒரு மெஷினையும் பார்த்திருக்கிறேன். சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது. அன்றே ஓனரிடம் சொல்லி நிஜமான காளான் பட்டன் மாட்டவைத்தோம்.

ஓடும்போது யாரும் மாற்றாமல் இருக்க பாஸ்வேர்டு போதுமா?

போதாது. பாஸ்வேர்டு பேனலின் வாசலில் மட்டும் நிற்கும் காவல்காரர். அதே ரிஜிஸ்டருக்கு இன்னொரு பேனலோ ஸ்காடாவோ (ஆலையைக் கண்காணிக்கும் கணினி மென்பொருள்) பின்வாசல் வழியாக வரலாம். பூட்டு பிஎல்சிக்குள் இருக்க வேண்டும்: மெஷின் ஓடுகிறது என்றால் கோரிக்கை என்னவாக இருந்தாலும் நடப்பு மாறாது. அதோடு, ஓடும் நேரத்தில் பட்டியலை மங்கலாக்கி, தொட்டால் வேலை செய்யாதபடி வைத்தால் ஆபரேட்டருக்கும் குழப்பம் இருக்காது. பாஸ்வேர்டு வேண்டுமானால் கூடுதலாக வையுங்கள். மூன்றாம் நாள் அது பேனல் ஓரத்தில் மார்க்கரால் எழுதப்பட்டிருக்கும்.

ஒரே மெஷினுக்கு இரண்டு பேனல்கள். இரண்டிலும் பட்டியல் இருந்தால்?

ஒவ்வொரு பேனலுக்கும் தனிக் கோரிக்கை ரிஜிஸ்டர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே நடப்பு ரிஜிஸ்டர். யாருக்கு இப்போது உரிமை என்பதை பிஎல்சி ஒரு பிட்டில் வைத்திருக்கட்டும். வரிகளைத் திருத்தினால் இரண்டு பேனலிலும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் என் பயோபாலிஷ் கதை மறுபடியும் நடக்கும். இந்த முறை ஒரு பேனல் உண்மை சொல்லும், மற்றது சொல்லாது. திருத்தம் செய்த தேதியைப் பட்டியல் இருக்கும் திரையின் மூலையில் இரண்டிலும் போட்டு வைத்தால், பழையது எது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

டவுன்லோட் செய்த பிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

எல்லா வரியையும். புதிதாகச் சேர்த்ததை மட்டும் அல்ல. மெயின் பம்ப்பை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் பிஎல்சி ஆன்லைனில் இருக்க, ஒவ்வொரு வரியாகத் தொட்டு, பிஎல்சியில் வந்த எண்ணைக் கதவில் ஒட்டிய தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு பிஎல்சியில் அகராதியில் இல்லாத ஒரு எண்ணை, 99 என்று வையுங்கள், எழுதிப் பேனல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கடைசியாக மின்சாரத்தை நிறுத்திப் போட்டு என்ன எண்ணோடு எழுகிறது என்று பாருங்கள். ஐந்து வரிப் பட்டியலுக்கு இதெல்லாம் பத்து நிமிடம்.

மூன்றே மூன்று தேர்வுதான். இவ்வளவு பாடு எதற்கு, ஒரு ரோட்டரி ஸ்விட்ச் போதாதா?

போதும். ஐந்தடி தள்ளி நின்றே முள் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று தெரியும், கையுறையோடு திருப்பலாம், மின்சாரம் போய் வந்தாலும் வைத்த இடத்தில் இருக்கும். தேர்வுகள் இனி கூடாது என்று மெஷின் ஓனர் உறுதியாகச் சொன்னால் நான் ஸ்விட்ச்சைத்தான் மாட்டுவேன். அவர் அப்படிச் சொல்லி, வருடம் முடிவதற்குள் நான்காவது ஒன்றைக் கேட்டு போன் செய்ததும் உண்டு.